கரைத்தூண்டிலும் அதற்கேற்ற இரைகளும்

முன்னுரை

கிழக்குக் கரையோரத்திலே கமமும் கடலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மட்டக்களப்பிலே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் மேற்கே, படுவான்கரையில், நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. கிழக்கே, எழுவான்கரையில், மரக்கறித் தோட்டங்களும் தென்னந்தோட்டங்களும் உள்ளன. அவற்றிற்கு அப்பால் நீண்ட மணற்கரையும் கடலும் இருக்கின்றன.

பெரும்போக அறுவடை மாசி, பங்குனி மாதங்களில் முடிவடைகின்றது. சிறுபோகத்திற்கு நீர்ப்பாய்ச்சல் கிடையாத நிலங்களை உடையோர்க்கு அதன் பின்னர்ச் சில மாதங்கள் ஓய்வாக இருக்கும். இக்காலத்திற் கடலும் அமைதியடைகின்றது. வள்ளமும் வலையும் இல்லாத ஒருவர், ஒரு சுருள் நூலும் சில முட்களுங் கொண்டு, கரையில் நின்றபடியே வீட்டுக்கறிக்கு வேண்டிய மீனைப் பிடித்துக்கொள்ளலாம். சோறும் மரக்கறியும் மிகுதியாக உண்ணும் குடும்பத்திலே, வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதம் குறைந்துவிடுதல் எளிது. வாரத்தில் ஒருமுறை கிடைக்கும் புதிய மீனும் அக்குறையை நீக்க உதவும்.

ஆயினும், கரையில் நின்று தூண்டில் போடுவோரிற் பலர் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றனர். கடலில் மீன் இல்லாமை இதற்குக் காரணமன்று. எந்த நீரில் எந்த மீன் எதனை உண்கின்றது என்பதைக் கவனியாது, கைக்கு அகப்பட்டதை முள்ளிற் கோத்து எறிவதே காரணம். மண்ணைப் பாராது விதையைத் தெரிவு செய்வதை இது ஒக்கும். ஆகவே, இரைகளின் இயல்பும், அவற்றைப் பயன்படுத்தும் முறையும், இத்தொழிலில் உயிருக்கு நேரக்கூடிய அபாயங்களும் இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

கடற்கரையின் அமைப்பு

மணற்கரை எங்கும் ஒரே தன்மையாகத் தோன்றினும், நீரின் அடியில் மேடும் பள்ளமும் உண்டு. கரையிலிருந்து பார்க்கும்போது அலை வெண்ணுரையாக முறியும் இடம், ஆழங் குறைந்த மணற்றிட்டாகும். அத்திட்டிற்கும் கரைக்கும் இடையே அலை முறியாது, நீர் கறுத்துத் தோன்றும் பகுதி பள்ளமாகும். வயலை உவமையாகக் கொண்டால், திட்டை வரம்பெனவும் பள்ளத்தை வாய்க்காலெனவும் கூறலாம். அலைகள் மணலைக் கிளறும்போது வெளிப்படும் புழு, சிறு நண்டு, மட்டி முதலியன இவ்வாய்க்காலில் வந்து சேர்கின்றன. அவற்றை உண்ணும் மீன்களும் அதன் வழியே கரையோடு ஒட்டித் திரிகின்றன.

இதனால், இரையை எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு தூரம் எறிதல் வேண்டும் என்னும் எண்ணம் தவறானது. கிழங்கான் போன்ற மீன்கள் கரையிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றருக்குள்ளேயே இரை தேடுகின்றன. தொலைவில் எறிவோர் பலவேளைகளில் மீன்களுக்கு அப்பாலேயே இரையை இட்டுவிடுகின்றனர். வற்று நேரத்தில் உயர்ந்த மணல்மேட்டில் நின்று பள்ளம் எங்கே செல்கின்றது, திட்டு எங்கே அறுபட்டுள்ளது என்பவற்றைப் பார்த்து வைத்தல் நன்று. திட்டு அறுபட்ட இடத்தின் ஓரங்களிலே பாரை, கட்டா போன்ற மீன்கள் சிறுமீன்களை எதிர்பார்த்து நிற்கும். ஆனால், அவ்விடத்தில் நீர் கடலை நோக்கி விரைந்து ஓடுமாதலின், அதனுள் இறங்குதல் ஆகாது.

காலமும் வேளையும்

கிழக்குக் கரையிலே கார்த்திகை தொடக்கம் மாசி வரையும் வடகீழ்ப் பருவக்காற்றினாற் கடல் கொந்தளித்து, நீர் கலங்கியிருக்கும். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையும் பெரும்பாலும் கடல் அமைதியாகவும் நீர் தெளிந்தும் இருக்கும். மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் இந்நிலை மாறுபடும். அங்கே வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையுள்ள தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமே கடல் குழம்பும் காலமாகும்.

இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டாத சிறிய அளவினது. எனினும், நீர் பெருகத் தொடங்கும்போது மீன்கள் இரை தேடிக் கரையை அணுகுகின்றன. விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் சிறந்தவை. நீர்பெருக்கு இவ்வேளைகளில் ஒன்றோடு கூடிவரும் நாளைத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

மீன் தன் உணவை மணத்தாலும், பார்வையாலும், நீரின் அசைவை உணர்வதாலும் கண்டுகொள்கின்றது. கலங்கிய நீரிற் பார்வை பயன்படாது. அங்கே மணம் மிகுந்த இரையே வேண்டும். தெளிந்த நீரில் மீன் இரையை நன்கு பார்க்கும். அங்கே இயல்பான தோற்றமும், அசைவும், மெல்லிய நூலும் வேண்டும். அலை மிகுந்த நீரில் மென்மையான இரை முள்ளிலிருந்து கழன்றுவிடும். அங்கே வலிய இரை வேண்டும். இரையைத் தெரிவதற்குரிய விதிகள் யாவும் இம்மூன்றிலும் அடங்கும்.

கருவிகள்

கைத்தூண்டிலுக்கு 75 தொடக்கம் 100 மீற்றர் வரை தங்கூசி நூல் போதியது. அதனை வழுவழுப்பான கட்டையொன்றிற் சுற்றி வைத்துக்கொள்ளலாம். சிறுமீன்களுக்கு 0.30 மில்லிமீற்றர் தடிப்புள்ள நூலும், பாரை, கட்டா முதலியவற்றிற்கு 0.50 மில்லிமீற்றர் தடிப்புள்ள நூலும் பொருந்தும். தடியும் சுழல் உருளையும் உடையோர் நெடுந்தூரம் எறியலாம். ஆயினும், அவையின்றியும் இத்தொழிலைச் செய்யலாம்.

தூண்டில் முட்களில் இலக்கம் கூடக்கூட முள்ளின் பருமன் குறையும். கிழங்கானுக்கும் மணலைக்கும் 8ஆம் அல்லது 10ஆம் இலக்க முள் ஏற்றது. 1/0, 2/0 எனக் குறிக்கப்படும் முட்கள் இதற்கு மாறாக இலக்கம் கூடப் பருமனுங் கூடுவன. 1/0 தொடக்கம் 4/0 வரையுள்ளவை பாரை, கொடுவா, செம்பல்லி ஆகியவற்றிற்கு உதவும். கூரிய பற்களையுடைய சீலா மீன் நூலைக் கடித்து அறுத்துவிடுமாதலின், அதற்கு முள்ளின் மேல் ஒரு சாண் நீளமான மெல்லிய கம்பியை இணைத்தல் வேண்டும்.

நூலின் நுனியில் ஈயக்குண்டையும், அதற்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மேலே ஒரு கிளை நூலில் முள்ளையும் கட்டுவது எளிய முறையாகும். இவ்வாறு கட்டினால் இரை மணலிற் புதையாது. அமைதியான கடலுக்கு 40 தொடக்கம் 60 கிராம் வரையுள்ள ஈயக்குண்டும், அலை மிகுந்த கடலுக்கு அதன் இருமடங்கு நிறையுள்ளதும் வேண்டும்.

ஈயம் நஞ்சாகும். அதனைப் பல்லாற் கடித்து நெரித்தலும், சமையற் பாத்திரத்தில் உருக்குதலும், பிள்ளைகள் விளையாடக் கொடுத்தலும் ஆகா. ஈயத்தைத் தொட்ட கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுதல் வேண்டும்.

இரை வகைகள்

1. இறால்

கரையோரத்திலுள்ள பெரும்பாலான மீன்கள் இறாலை உண்பனவாதலின், எந்த மீன் வருமெனத் தெரியாதவிடத்து முதலில் இறாலை இடுதல் தக்கது. கிழங்கானுக்குத் தோலுரித்துச் சிறு துண்டுகளாக வெட்டியும், விளைமீனுக்கும் செம்பல்லிக்கும் முழுதாகவும் கோத்தல் வேண்டும். முழு இறாலை வாற்பக்கத்தால் முள்ளிற் செலுத்தி, உடலின் வளைவோடு முள்ளின் வளைவு பொருந்தும்படி கோத்தால் அது சுழலாது நிற்கும். இறாலின் குறை யாதெனில், அதன் தசை மென்மையானது. சிறுமீன்களும் நண்டுகளும் அதனை விரைவில் அரித்துவிடும். ஆகவே, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நூலை இழுத்துப் பார்த்தல் வேண்டும். இரையில்லாத முள்ளோடு நெடுநேரம் காத்திருப்போர் பலர்.

2. கணவாய்

அலை மிகுந்த கடலுக்கு ஏற்ற இரை இதுவே. இதன் தசை வலியதாதலின் எறியும்போது கழன்றுவிடாது. சிறுமீன்களால் எளிதில் அரிக்கவும் முடியாது. ஒரு விரல் அகலமும் அதனிலும் நான்கு மடங்கு நீளமுமான கீலங்களாக வெட்டி, ஒரு முனையை மட்டும் முள்ளில் இருமுறை குத்தி, மறுமுனையை நீரில் ஆடும்படி விடுதல் வேண்டும். கணவாய் விலை கூடியது. எனவே, நல்ல தசையைக் கறிக்கு எடுத்துக்கொண்டு, தலையையும் கால்களையும் இரைக்கு ஒதுக்கினாற் செலவு குறையும். கால்கள் நீரில் இயல்பாக அசைவதனாற் கலவாயும் விளைமீனும் அவற்றை விரும்பிக் கவ்வுகின்றன.

3. சூடை, சாளை, கீரி

இவை எண்ணெய்ப் பற்றுள்ள மீன்கள். இவற்றின் மணம் நீரிற் பரந்து, தொலைவிலுள்ள மீன்களையும் ஈர்க்கும். கலங்கிய நீருக்கும் இரவு வேளைக்கும் இவற்றிற்கு நிகரான இரை அரிது. கெளிறு, திருக்கை, பாரை ஆகியன இவற்றை நாடி வரும். முள்ளெலும்பை ஒட்டிக் கூரிய கத்தியால் தசையை நீளவாக்கில் அரிந்து, தோலோடு முள்ளிற் குத்துதல் வேண்டும். தசை மென்மையானதாதலின், மெல்லிய பருத்தி நூலால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினால் எறியும்போது சிதறாது. கால்மணி நேரத்தில் மணம் நீரிற் கழுவப்பட்டுவிடும். அதன்பின் துண்டு முழுதாக இருப்பினும் அதனை மாற்றுதல் நன்று.

4. உயிருள்ள சிறுமீன்

பெருமீன்களைப் பிடிக்க விரும்புவோர்க்கு மணலைக் குஞ்சு சிறந்த இரையாகும். கொடுவா, சீலா, பெரும்பாரை ஆகியன செத்த இரையைப் புறக்கணிக்கும் வேளையிலும் உயிருள்ள மீனைத் துரத்திப் பிடிக்கும். வீச்சுவலையாற் பிடித்த குஞ்சுகளை வாளியில் இட்டு, நீரை அடிக்கடி மாற்றி, நிழலில் வைத்தல் வேண்டும். மேலுதட்டின் ஊடாகவோ, முதுகுத் துடுப்பின் கீழ் முள்ளந்தண்டிற்பட்டுவிடாதவாறோ முள்ளைச் செலுத்தலாம். விசையாக எறிந்தால் இரை இறந்துவிடும்; ஆதலால், மெதுவாக வீசிப் பள்ளத்தின் ஓரத்தில் விடுதல் வேண்டும்.

5. நண்டும் மட்டியும்

அலை ஏறி இறங்கும் ஈரமணலிலே, விரல் நுனியளவான சிறு நண்டினங்கள் வாழ்கின்றன. அலை திரும்பும்போது மணலின் மேல் இரண்டாகப் பிரிந்த சிறு கோடுகள் தோன்றுமாயின், அவ்விடத்தைக் கையாற் கிளறி அவற்றை எடுக்கலாம். கரையோர மீன்களுக்கு இது நாள்தோறும் பழகிய உணவாகும். பணச்செலவின்றி, தூண்டில் போடும் அதே இடத்திற் கிடைப்பது இதன் சிறப்பு. மட்டியின் தசையும் இவ்வாறே பயன்படும். அதனை உடைத்து எடுத்து, சிறிது நேரம் காற்றுப்பட வைத்தால் இறுகி முள்ளில் நிற்கும். சிறு நண்டுகளைக் கடிகால் நீக்கி, பின்காலின் அடியாற் கோத்துப் பாறையுள்ள இடங்களில் இட்டாற் செம்பல்லியும் விளைமீனும் அகப்படும்.

6. புழுக்கள்

வாவியோரச் சேற்றிலும் மணலிலும் வாழும் கடற்புழு கிழங்கானுக்கு மிகவும் உகந்தது. வேண்டிய அளவு மட்டும் தோண்டியெடுத்துக் குழியை மீண்டும் மூடுதல் வேண்டும். கண்டல் மரங்களின் வேரடியிலே தோண்டுதல் ஆகாது. மீன்குஞ்சுகளும் இறாற்குஞ்சுகளும் வளரும் இடம் அதுவே. வயலிலும் எருக்குவியலிலும் கிடைக்கும் மண்புழு வாவிநீரிலும் ஆற்றுவாயிலும் பயன்படும். ஆனால், கடலின் உப்புநீரில் விரைவில் இறந்து வெளிறிவிடும். தோட்ட மண்ணை வளப்படுத்துவது மண்புழுவாதலின், அதனைப் பெருந்தொகையாக இரைக்கு எடுத்தல் கமக்காரர்க்கு நட்டமேயாகும்.

7. மா உருண்டை

மணலை மீனின் வாய் சிறியது. அது பெரும்பாலும் பாசியையும் சேற்றிலுள்ள நுண்ணிய உணவையும் உண்பது. இறாலையும் மீன்துண்டையும் அது பெரிதும் பொருட்படுத்தாது. கோதுமை மாவைச் சிறிது நீர் விட்டு இறுகப் பிசைந்து, அதனுள் சிறிது பஞ்சைச் சேர்த்தால், மா நீரில் விரைவிற் கரையாது. பயறு அளவான உருண்டைகளாக்கி, சிறிய முள்ளில் இட்டு, மிதப்புக் கட்டி, வாவியின் அமைதியான நீரில் விடுதல் வேண்டும்.

இரையைப் பேணல்

இரை எத்தகையதாயினும் புதிதாக இருத்தல் வேண்டும். வெயிலில் வைத்து அழுகிய இரையை மீன் விரும்பும் எனச் சிலர் கருதுவர். அழுகிய தசை முள்ளில் நிற்காது; கெளிறும் நண்டும் அன்றிப் பிற மீன்கள் அதனை நாடுவதும் அரிது. ஈரச்சாக்கினால் மூடிய பாத்திரத்தில் நிழலிலே இரையை வைத்தல் நன்று.

குளிரூட்டி இல்லாத வீடுகளிலே, மீந்த இறாலையும் மீன்துண்டுகளையும் உப்பிட்டுப் பேணலாம். நான்கு பங்கு இரைக்கு ஒரு பங்கு கல்லுப்பை அடுக்கடுக்காகத் தூவி, துளையுள்ள பாத்திரத்தில் ஓர் இரவு வைத்து நீரை வடியவிட்டு, பின்னர் மூடியுள்ள போத்தலில் அடைத்தல் வேண்டும். உப்பிட்ட இரை இறுகிவிடுமாதலின், அலை மிகுந்த நாட்களில் அது புதிய இறாலினும் நன்றாக முள்ளில் நிற்கும்.

பூச்சிநாசினி, களைநாசினி இருந்த போத்தலையோ வாளியையோ இரை வைப்பதற்கோ, மீன் வைப்பதற்கோ, மிதப்பாகவோ ஒருபோதும் பயன்படுத்துதல் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் நஞ்சு எஞ்சியிருக்கும். மருந்து தெளித்த வயலின் வடிகாலில் இறந்து மிதக்கும் மீனையும் இறாலையும் இரையாகவோ உணவாகவோ கொள்ளுதல் ஆகாது.

இரைகளை ஒப்பிட்டறிதல்

புதிய நெல்லினம் ஒன்று தன் நிலத்துக்கு ஏற்றதோ என்பதை அறிய, கமக்காரர் அதனைப் பழைய இனத்தின் அருகே சிறு பாத்தியில் விதைத்துப் பார்ப்பர். இரையையும் அவ்வாறே சோதித்தறியலாம். ஒரே நூலில் இரண்டு கிளை முட்களைக் கட்டி, ஒன்றில் இறாலையும் மற்றதில் கணவாயையும் இட்டு, ஒரே இடத்தில் பத்துமுறை எறிந்து பார்த்தல் வேண்டும். எம்முள்ளில் மீன் பட்டது, எவ்விரை அரிக்கப்பட்டது, கடல் எவ்வாறிருந்தது, எந்நேரம் என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் நன்று. பிடித்த மீனின் இரைப்பையைக் கீறிப் பார்ப்பதும் பயனுடையது. அதனுள் நண்டின் ஓடு காணப்படின், அடுத்த முறை நண்டையே இரையாக இடலாம். இவ்வாறு ஒரு பருவம் குறித்து வைத்தவர், மறுபருவத்தில் இரையைத் தேடித் திரியவேண்டியதில்லை.

முகத்துவார அபாயம்

பெரும்போக மழையில் வாவி நிறைந்து தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறும்போது, வயல்களைக் காக்கும்பொருட்டு முகத்துவாரத்து மணற்றிடல் வெட்டப்படுவதைக் கமக்காரர் அறிவர். அந்நாட்களில் இறாலும் மீன்குஞ்சும் வெள்ளத்தோடு கடலுக்குள் அடித்துச் செல்லப்படுகின்றன. அவற்றை உண்பதற்குக் கொடுவா, பாரை, கட்டா ஆகியன வெட்டுவாயின் வெளியே திரள்கின்றன. தூண்டிலுக்கு இதனினுஞ் சிறந்த காலம் அரிது. உயிருக்கு இதனினும் அபாயமான காலமும் அரிது.

வெட்டிய வாய், ஓடும் நீரின் வேகத்தால் விரைவாக அகலும். மேலே உறுதியாகத் தோன்றும் மணல், அடியில் அரிக்கப்பட்டுத் திடீரெனச் சரிந்துவிடும். அதில் நின்றவர் நீரில் விழுந்தால், நீந்தத் தெரிந்தவராயினும் கடலுக்குள் இழுத்துச் செல்லப்படுவார். எனவே, வெட்டுவாயின் விளிம்பிலிருந்து குறைந்தது பத்து மீற்றர் விலகி நிற்றல் வேண்டும். நீர் விரையும் நாளிற் கடற்புறத்துக் கரையில், வாயிலிருந்து நன்கு ஒதுங்கி நின்று எறிதலே தக்கது. மீன் கலங்கல் நீரின் ஓரத்தையும் நாடி வருமாதலின், வெட்டுவாயின் விளிம்புக்குச் செல்லவேண்டிய தேவையில்லை.

மேலும் கவனிக்க வேண்டியவை:

(அ) தூண்டில் போடுமுன் பத்து நிமிடமாயினும் கடலைப் பார்த்து நிற்றல் வேண்டும். சிறிய அலைகள் பலவற்றின் பின் பெரிய அலைகள் சில தொடர்ந்து வருதல் உண்டு.

(ஆ) முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் இறங்குதல் ஆகாது. தனியே செல்லாது துணையோடு செல்லுதல் வேண்டும்.

(இ) கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர், அதனை எதிர்த்து நீந்திக் களைத்துவிடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை குறைந்தபின் கரையை நோக்கித் திரும்புதல் வேண்டும்.

(ஈ) நூலைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக் கட்டுதல் கூடாது. பெருமீன் இழுத்தால் நூல் விரலை அறுத்துவிடும்.

(உ) சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடிமழை பெய்தல் வழக்கம். இடி கேட்டவுடன் கரையை விட்டு வீட்டினுட் செல்லுதல் வேண்டும்.

(ஊ) கடல் வழமைக்கு மாறாக வற்றிப் பின்வாங்கினால், அடிநிலத்தில் துடிக்கும் மீனைப் பொறுக்கச் செல்லாது, உடனே மேட்டுநிலத்தை நோக்கி விரைதல் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் இக்கரையோரத்தை அழித்த ஆழிப்பேரலை பலமுறை வந்து திரும்பியது. முதலலை போனபின் கரைக்குத் திரும்புதலும் ஆபத்தேயாகும்.

உண்ணத்தகாத மீனும் நச்சு முட்களும்

இரையை அரித்தும் நூலைக் கடித்தும் தொல்லை தரும் மீன்களில் ஒன்று பேத்தை. அதனைப் பிடித்தவுடன் வயிறு பந்துபோல் ஊதும். வாயிலே கிளியின் அலகு போன்ற பற்றகடுகள் காணப்படும். இதன் ஈரல், சினை, தோல் முதலியவற்றிலுள்ள நஞ்சு சமைப்பதாலோ, உப்பிடுவதாலோ, காயவைப்பதாலோ நீங்குவதில்லை. உண்டவர்க்கு உதடும் நாவும் விறைத்து, கைகால் சோர்ந்து, மூச்சு நின்று மரணம் நேரும். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. மூச்சு நிலைபெறச் செய்யும் வைத்தியசாலைச் சிகிச்சையே உயிரைக் காக்கும். ஆகவே, பேத்தையைக் கறிக்கு எடுத்தலும், பிறர்க்குக் கொடுத்தலும், நாய் பூனைகள் உண்ணும்படி கரையில் எறிதலும் ஆகா.

கெளிறு, ஓரா ஆகியவற்றின் துடுப்பு முட்களும், திருக்கையின் வால்முள்ளும் நச்சுத்தன்மை உடையன. இவற்றைக் கையாற் பற்றாது, குறடு கொண்டு முள்ளைக் கழற்றுதல் வேண்டும். ஆழங் குறைந்த நீரில் நடப்போர் காலைத் தூக்கி வையாது மணலில் இழுத்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிச் செல்லும். முள் குத்தினால், காயத்தைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரைமணி தொடக்கம் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வலியால் விறைத்த கால் சூட்டை உணராதாதலின், நீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னர் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

விலாங்கைப் போன்ற ஒன்று அகப்பட்டு, அதன் வால் துடுப்பைப் போலத் தட்டையாகவும் உடலிற் செதில்களோடும் காணப்படின் அது கடற்பாம்பாகும். அருகிற் செல்லாது நூலை அறுத்துவிடுதல் வேண்டும். கடலாமை சிக்கினால் அதனைத் துன்புறுத்தாது, நூலை முள்ளின் அருகே வெட்டி விடுவித்தல் வேண்டும். கடலாமைகள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை.

மீனைப் பேணலும் கழிவைப் பயன்படுத்தலும்

பிடித்த மீனை வெயிலில் விடுதல் பெருந்தவறு. கீரி, சூரை, கும்பளா போன்ற மீன்கள் சூட்டிற் கிடந்தால், சமைத்தாலும் அழியாத நச்சுப்பொருள் அவற்றில் உண்டாகி, முகஞ்சிவத்தல், தலையிடி, வாந்தி முதலியவற்றை விளைவிக்கும். மீனைப் பிடித்தவுடன் குடலையும் பூவையும் நீக்கி, கழுவி, பனிக்கட்டியில் வைத்தல் சிறந்தது. பனிக்கட்டி கிடையாதவிடத்து ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்து, இரண்டொரு மணி நேரத்துள் வீட்டிற்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். மிகச் சிறிய மீன்களை உயிரோடு கடலில் விடுதல் பிற்பயன் தரும்.

தலை, குடல், செதில் முதலிய கழிவுகளில் நைதரசனும் பொசுபரசும் உண்டு. அவற்றைக் கூட்டெருக் குவியலின் நடுவே ஆழமாக இட்டு, வைக்கோலாலும் மண்ணாலும் மூடினால், நாயும் ஈயும் அணுகா. மரக்கறிப் பாத்திகளுக்கு நல்ல எருவுமாகும். பேத்தையின் எப்பகுதியையும் இதிற் சேர்த்தல் ஆகாது. உப்பிட்ட இரையின் மீதியையும் எருவிற் சேர்த்தல் கூடாது. உப்பு பயிருக்குத் தீங்கு விளைக்கும்.

கரைவலையும் சட்டமும்

மணற்கரையின் பல பகுதிகள் கரைவலைப்பாடுகளாகும். வலை வளைத்து இழுக்கப்படும் நேரத்தில் அவ்விடத்திலே தூண்டில் எறிந்தால் முள் வலையிற் சிக்கும். வலை இழுப்போரின் கைகளும் காயப்படும். கடற்றொழிலையே சீவியமாகக் கொண்டோரைக் கேட்டு, அவர்களுக்கு இடையூறில்லாத இடத்தைத் தெரிந்துகொள்ளுதல் முறையாகும். எவ்விரைக்கு எம்மீன் எப்பருவத்தில் வரும் என்பதை அவர்களினும் நன்கு அறிந்தவர் இலர். அறுந்த நூலையும் முட்களையும் கரையில் விட்டுவராது வீட்டிற்குக் கொண்டுவருதல் வேண்டும். வெடிபொருளையோ நஞ்சையோ இட்டு மீன் பிடித்தல் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்படி குற்றமாகும்.

சுருக்கம்

1. அலை முறியும் திட்டிற்கும் கரைக்கும் இடையேயுள்ள பள்ளத்தில் இரையை இடுக.

2. கலங்கிய நீருக்குச் சூடை, சாளை. அலை மிகுந்த நீருக்குக் கணவாய் அல்லது உப்பிட்ட இரை. தெளிந்த நீருக்குப் புதிய இறால், உயிர்மீன்.

3. கிழங்கானுக்குக் கடற்புழுவும் சிறு நண்டும், மணலைக்கு மா உருண்டை, கொடுவாவிற்கும் சீலாவிற்கும் மணலைக் குஞ்சு, செம்பல்லிக்கு நண்டு.

4. இரையைப் புதிதாகப் பேணுக; அடிக்கடி மாற்றுக; பலனைக் குறித்து வைக்க.

5. பேத்தையை உண்ணற்க. நச்சு முட்களைக் கையாற் தொடற்க.

6. முகத்துவாரம் வெட்டிய நாளில் அதன் விளிம்பில் நில்லற்க. அன்று தப்பிய மீன் மறுநாளும் வரும்.